வீட்டில் ஓயாமல் பேசும் பிள்ளை தமிழ்த் தாளில் ஏன் திணறுகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் ஆங்கில வழியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் வாய் மூடாமல் தமிழ் பேசுகிறாள், ஆனால் தமிழ்த் தாளில் 100-க்கு 43. கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகப் போடுகிறாள், அதையே வாக்கியமாகக் கொடுத்தால் விழிக்கிறாள். பள்ளியில் கூப்பிட்டு, "வீட்டிலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க, அப்பதான் பிக்கப் ஆவா" என்று சொல்லிவிட்டார்கள். தாத்தா பாட்டி இருக்கிற வீடு. என்ன செய்வது?

தென்காசிப் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் பேசுகிற தமிழை நிறுத்தாதீர்கள். ஏன் என்று விளக்கத்தான் மீதி எல்லாம்.

நான்காம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா சந்தைக்குச் சந்தை காய்கறிக் கடை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை இவனும் கூடப் போவான். தக்காளி கிலோ 40 ரூபாய் என்றால் முக்கால் கிலோவும், கத்தரிக்காய் அரைக்கிலோவும் சேர்த்து எவ்வளவு என்று நாம் பையை விரிப்பதற்குள் சொல்லிவிடுவான். வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் எழுதினேன்: "கமலாவிடம் 24 மாங்காய்கள் இருந்தன. அவற்றுள் 9 மாங்காய்களைத் தோழிக்கு வழங்கினாள். எஞ்சியவை எத்தனை?" பையன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து நிமிடம் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. பக்கத்தில் போய், "ஏலே, 24 மாங்காயில ஒம்பதக் குடுத்துட்டா, மிச்சம் எத்தன?" என்றேன். "பதினஞ்சு டீச்சர்" என்றான் உடனே. அப்புறம் கொஞ்சம் கோபமாகவே கேட்டான்: "இதையா டீச்சர் கேட்டிருக்கு?"

அவனுக்குக் கணக்கு தெரியும், தமிழும் தெரியும். 'எஞ்சியவை', 'அவற்றுள்', 'வழங்கினாள்' என்ற மூன்று சொல்தான் தெரியாது. அவன் வீட்டில் யாரும் எதையும் வழங்குவதில்லை, கொடுக்கிறார்கள். எதுவும் எஞ்சுவதில்லை, மிஞ்சுகிறது. உங்கள் மகளின் கணக்குத் தாள் ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் சிக்கல் இதே வகைதான். அவள் விழிப்பது 'ரிமெய்னிங்' போன்ற ஒரு சொல்லைப் பார்த்து. கழித்தல் அவளுக்குப் பிரச்சினையே இல்லை.

வீதியில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளைப் பற்றி பிரேசிலில், ரெசிஃபே நகரத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். 1985-இல் வெளிவந்தது. ஆய்வாளர்களே வாடிக்கையாளர் மாதிரி போய் தேங்காயும் எலுமிச்சையும் விலை கேட்டார்கள். பிள்ளைகள் சொன்ன கணக்கில் 98 சதவீதம் சரி. அப்புறம் அதே பிள்ளைகளை உட்கார வைத்து, அதே அளவிலான கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தார்கள். 37 சதவீதம்தான் சரி. இதில் பலரும் கவனிக்காத இன்னொரு எண் உண்டு. வாக்கியமாக, ஒரு சின்னக் கதையாகக் கொடுத்தபோது 74 சதவீதம் சரியாக வந்தது. அதாவது மொழி தடையாகவும் நிற்கும், தெரிந்த வார்த்தையாக இருந்தால் ஏணியாகவும் நிற்கும். அந்தப் பிள்ளைகள் ஐந்தே பேர், அதனால் அதை வைத்துப் பெரிய சட்டமெல்லாம் போட முடியாது. ஆனால் என் சந்தைப் பையனை நினைத்தால் எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

சரி, தமிழ்த் தாளுக்கு வருவோம். நாம் இரண்டு தமிழ் வைத்திருக்கிறோம். வாயில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. இது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. தொல்காப்பியத்தின் பாயிரமே வழக்கு, செய்யுள் என்று இரண்டையும் தனித்தனியே சொல்கிறது. 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஒரே மக்கள் வீட்டுக்கு ஒரு வடிவமும் பள்ளிக்கு வேறு வடிவமும் வைத்திருக்கும் நிலையைப் பற்றி எழுதினார். இரட்டை வழக்கு என்று தமிழில் சொல்கிறோம். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல் என்று நான்கை விரிவாக எடுத்துக்கொண்டார். நம்முடைய நிலையும் அதுதான். கிரேக்கர்கள் ரொம்ப நாள் சண்டை போட்டுவிட்டு 1976-இல் பேச்சு மொழியையே அரசு மொழியாக்கினார்கள். சூரிக் மாநிலத்தில் 2011-இல் மக்கள் வாக்களித்து, மழலையர் பள்ளியில் வீட்டு மொழியிலேயே பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். நாம் அப்படியெல்லாம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நெல்லைக்காரரும் கோவைக்காரரும் மட்டக்களப்புக்காரரும் ஒரே புத்தகத்தைப் படிக்க முடிவது எழுத்துத் தமிழ் பொதுவாக இருப்பதால்தான். அதை இழந்தால் நமக்குத்தான் நட்டம். ஆனால் நடுவில் ஒரு பாலம் வேண்டும். பல வகுப்புகளில் அந்த இடத்தில் சிவப்பு மைப் பேனாதான் இருக்கிறது.

பிள்ளை 'வெளக்கு' என்று எழுதினால் நாம் அடித்துத் திருத்துகிறோம், "உச்சரிப்பே சரியில்ல" என்று திட்டுகிறோம். ஆனால் கவனித்துப் பாருங்கள்: விளக்கு வெளக்கு ஆகிறது, இலை எல ஆகிறது, நிலம் நெலம், குடம் கொடம், உலகம் ஒலகம், புகை பொக. முதல் எழுத்தில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வந்தால், இ எகரமாகும், உ ஒகரமாகும். நடுவில் மெய் இரட்டித்தால் மாறாது. அதனால்தான் குடத்தைக் கொடம் என்கிற அதே பிள்ளை, முத்தத்தை மொத்தம் என்று சொல்வதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் மூன்று வயதுக் குழந்தை இந்த விதியைப் பிசகாமல் பிடித்து வைத்திருக்கிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இன்னொன்று. படித்து, சிரித்து, கரைத்து, வைத்து எல்லாம் வாயில் படிச்சு, சிரிச்சு, கரைச்சு, வச்சு ஆகும். வினைச்சொல்லில் இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் வருகிற 'த்த' பேச்சில் 'ச்ச' ஆகிறது. எடுத்து, பார்த்து என்பவற்றில் அந்த ஒலிகள் இல்லை, எனவே 'ச்ச' வராது. நான் வகுப்பில் இதை விதி என்று சொல்லமாட்டேன். பலகையில் இரண்டு கோடு போட்டு, இந்தப் பக்கம் 'வாய்', அந்தப் பக்கம் 'நோட்டு' என்று எழுதுவேன். பிள்ளைகள் 'அடிச்சு' என்று கத்துவார்கள், நான் 'அடித்து' என்று எழுதுவேன். ஏழெட்டுச் சொல் ஆனதும் அவர்களே பிடித்துக்கொள்வார்கள். ஒரு பிள்ளை மறுநாள் 'பூத்தி' என்று எழுதிக்கொண்டு வந்தது. பூச்சிதான்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஆனால் மதிப்பெண் குறைக்கவில்லை. தப்புதான், ஆனாலும் யோசித்துச் செய்த தப்பு.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 247 எழுத்து என்று பயமுறுத்துகிறார்கள். உயிர் 12, மெய் 18, இவை சேர்ந்து 216, ஆய்தம் ஒன்று. 216-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, குறிகள் தெரிந்தால் போதும். ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே குழப்புவது வேறு. 'ப' என்ற ஒரே எழுத்து பல்லிலும் வருகிறது, பஸ்ஸிலும் வருகிறது. 'பால்' என்று எழுதியிருந்தால் குடிக்கிற பாலா, விளையாடுகிற பாலா? தமிழ்ச் சொல்லில் இடத்தைப் பார்த்து ஒலி தெரிந்துவிடும்: சொல்லின் முதலில் வல்லோசை, ங், ஞ், ண், ந், ம் என்ற மெல்லினத்துக்குப் பின்னால் மெல்லோசை. பம்பரம் என்ற ஒரே சொல்லில் இரண்டும் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு இந்த வழி உதவாது. இதை ஒருமுறை உட்கார வைத்துச் சொன்னால் போதும், ஆனால் சொல்கிறவர்கள் குறைவு.

கணக்கில் மொழி என்ன செய்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த இடம் எண்களின் பெயர்கள். இருபத்தொன்று என்றாலே இருபதும் ஒன்றும் என்று புரிகிறது. ஆங்கிலத்தில் 'தர்ட்டீன்' என்றால் மூன்று முன்னால் வருகிறது, பத்து பின்னால் போய்விடுகிறது. 'இலெவன்', 'ட்வெல்வ்' என்பவற்றில் பத்து எங்கே இருக்கிறது என்றே பிள்ளைக்குத் தெரியாது. பதினொன்றில் பத்து கேட்கிறது. இந்தியில் 99 வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனியாகவே படிக்க வேண்டும். அந்த விதத்தில் நம் பிள்ளைகளுக்கு வசதி அதிகம்.

ஆனால் நம்மிடமும் ஒரு பள்ளம் இருக்கிறது. எண்ணூறு என்றால் 800, தொண்ணூறு என்றால் 90! காதுக்கு இரண்டும் ஒரே மாதிரி. 90-இன் பெயருக்குள் நூறு இருக்கிறது, 900-இன் பெயரான தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் தொண்ணூறைச் சொல்லி எழுதச் சொன்னால் நாலு பிள்ளையாவது 900 என்று எழுதும். அது கவனக்குறைவு இல்லை. காதில் விழுந்ததை நம்பி எழுதியிருக்கிறது.

பின்னத்துக்கு நம் கடைத்தெருத் தமிழ் மாதிரி ஒரு வாத்தியார் கிடையாது. முக்கால் என்றாலே மூன்று கால். அரைக்கால் என்றால் காலில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. பெருக்கல் பெயரிலேயே இருக்கிறது. வீசம் பதினாறில் ஒன்று, அதிலும் பாதி அரைவீசம். என் பாட்டி பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை, நல்லெண்ணெயை அரைக்கால் படி என்று அளந்து ஊற்றுவாள். அவள் பேத்திகளுக்கு நான் 'ஒன்றின் கீழ் எட்டு' என்று ஆரம்பித்துத் தலைகீழாக நின்றேன்.

வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்ற யோசனைக்கு இப்போது வருகிறேன். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் சரியான யோசனை இல்லை. டொராண்டோவில் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், வெளிநாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி 1970-களின் கடைசியிலிருந்து எழுதி வருகிறார். அவர் சொன்னதன் சாரம்: விளையாட்டு மைதானத்தில் பேசுகிற ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடத்தைப் படித்துப் புரிந்து எழுதுகிற ஆங்கிலத்துக்கு ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும். அந்த இரண்டாவது வகை சும்மா பேசினால் வராது. காரணம் சொல்வது, ஒப்பிடுவது, நடந்ததை வரிசையாகச் சொல்வது என்ற பழக்கங்கள் அதற்கு அடியில் இருக்க வேண்டும். அவற்றை ஒரு மொழியில் கற்றுக்கொண்டால் இன்னொரு மொழிக்கும் கொண்டுபோகலாம்.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் பேசினால் என்ன பேசுவீர்கள்? "ஈட் பண்ணு", "ஷூஸ் போடு", "ஹோம்வொர்க் முடிச்சியா". அவ்வளவுதான். தமிழில் என்றால், குளத்தில் தண்ணீர் ஏன் வற்றியது, பக்கத்து வீட்டு அக்கா ஏன் கோபித்துக்கொண்டு போனாள், மழை வருமா வராதா என்று எதை வைத்துத் தாத்தா சொல்கிறார் என்பதெல்லாம் வரும். பிள்ளையின் புத்தி வளர்வது இந்தப் பேச்சில்தான். தாய்மொழியே கற்பிக்கச் சிறந்த ஊடகம் என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லியாயிற்று. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் பிள்ளைகளும் படித்தார்கள், பிழைக்கிறார்கள். பள்ளியில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கட்டும், அதற்குத்தானே ஃபீஸ் வாங்குகிறார்கள்.

உடனே ஒருவர் வந்து, "தமிழ்ல படிச்சா சயின்ஸ் வருமா" என்று கேட்பார். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் மருத்துவமனை வைத்து நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர், 1860-களில் தமிழுக்கு மாறினார். படித்தவர்கள் தங்கள் ஊரிலேயே இருந்து தங்கள் மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். உடற்கூறு, அறுவை, பிரசவம் என்று தடித்தடியான நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். உடற்கூற்று நூலுக்கு மனுஷ அங்காதிபாதம் என்று பெயர். வேதியியல் நூலுக்கு வைத்த பெயர்தான் அழகு: கெமிஸ்தம். சொல் கிடைக்காத இடத்தில் வந்த சொல்லையே தமிழ் வாய்க்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார். நாம் இன்றைக்கும் அந்த மனசுக்கு வரவில்லை.

ஏனென்றால் நம் கலைச்சொற்கள் எல்லாமே பிள்ளைக்கு எளிது என்று சொல்ல முடியாது. ஒளிச்சேர்க்கை அருமையான சொல், உடைத்துப் பார்த்தால் பொருள் கையில் வந்துவிடும். ஆஸ்மோசிஸுக்கு வைத்த சவ்வூடு பரவலும் அப்படித்தான். திருவிழாவில் சவ்வுமிட்டாய் தின்ற பிள்ளைக்குச் சவ்வு என்றால் பாதி புரிந்தமாதிரி. ஆனால் எல்.சி.எம்.முக்கு வைத்த மீச்சிறு பொது மடங்கு? பத்து வயதுப் பிள்ளைக்கு 'மீச்சிறு' என்பது ஆங்கிலத்தைவிட அந்நியம். தமிழில் இருப்பதாலேயே ஒரு சொல் புரிந்துவிடாது. பிள்ளையின் வாயிலிருக்கும் சொல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நீலகிரியில் தோடர், கோத்தர், இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் பிள்ளைகளுக்கும் தமிழே பள்ளியில் வந்து படிக்கிற மொழிதான். அந்தப் பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் மந்தம் என்று எழுதிவிடுகிறோம். உங்கள் மகளை ஆங்கிலப் பள்ளியில் எப்படிப் பார்க்கிறார்களோ அதையேதான் நாம் அவர்களுக்குச் செய்கிறோம். நானும் ஆரம்ப வருடங்களில் செய்திருக்கிறேன்.

தாத்தா பாட்டி இருக்கும் வீடு என்றீர்களே, அதற்காகவும் ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து பேரன் வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நல்ல பிள்ளையாக, "ஆச்சி, நாம நேத்து குற்றாலத்துல குளிச்சோம்" என்றான். "என்னய எப்பலே கூட்டிட்டுப் போன?" என்றேன். முழித்தான். கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அவனுக்கு இந்த வித்தியாசமே கண்ணில் படவில்லை. அடுத்து ஒரு பையனைக் காட்டி, "இவன் என் கசின்" என்றான். அவன் பாட்டி விடவில்லை. "எந்த முறையில?" என்று கேட்டுவிட்டாள். சித்தப்பா மகன் என்றால் தம்பி, மாமா மகன் என்றால் மச்சான். ஒருவன் உடன்பிறப்பு மாதிரி, இன்னொருவனைக் கேலி செய்யலாம், அவன் அக்காவைக் கட்டிக்கொள்ளக்கூட முறை உண்டு. யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சொந்தத்துக்குள் கல்யாணம் நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம், அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்று ஆக்கிவிட்டால் முதலில் வாயடைத்துப் போகிறவர்கள் அந்தப் பெரியவர்கள்தான்.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், பாட்டியைத்தான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ரசம் வைக்கும்போது பாட்டி சொல்லச் சொல்ல மகள் ஒரு நோட்டில் எழுதட்டும். முதலில் பாட்டி சொன்னபடியே: "புளியக் கரைச்சு ஊத்து, பருப்புத் தண்ணி கொஞ்சம் விடு, நொர கட்டுனதும் எறக்கு." அப்புறம் எதிர்ப்பக்கத்தில் நோட்டுத் தமிழ்: "புளியைக் கரைத்து ஊற்று. பருப்புத் தண்ணீர் கொஞ்சம் விடு. நுரை கட்டியதும் இறக்கு." கரைச்சு கரைத்து ஆவதும், நொர நுரையாவதும், எறக்கு இறக்கு ஆவதும் அவள் கண்ணுக்கே தெரியும். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். வாரம் ஒன்று போதும்.

கணக்குக்கும் இதே வைத்தியம்தான். ஆங்கிலத்தில் இருக்கிற கேள்வியை முதலில் அவள் தமிழில் உங்களுக்குக் கதையாகச் சொல்லட்டும். யாரிடம் என்ன இருந்தது, யார் யாருக்குக் கொடுத்தார்கள், என்ன கேட்கிறார்கள். கதை சரியாக வந்தால் கணக்கும் வரும். எந்தச் சொல்லில் முட்டுகிறாள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும், அதை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் இருபது சொல்கூட வராது என்று நினைக்கிறேன். அடுத்த முறை பள்ளியில் கூப்பிட்டால் அந்தத் தாளைக் கையில் கொண்டுபோங்கள். "இங்கிலீஷ் வரல" என்று அவர்கள் சொன்னால், "இந்தச் சொல்லெல்லாம்தான் வரல, சொல்லிக்குடுங்க" என்று கேட்கலாம்.